அரை டப்பா கணக்கு

மளிகைச் சீட்டு எழுதுகிற விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அலமாரியில் இருக்கிற டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதில் அடி தெரிகிறதோ அதை மட்டும் சீட்டில் ஏற்றுவோம். துவரம்பருப்பு ஒரு பிடிதான் இருக்கிறதா, எழுது இரண்டு கிலோ. உளுந்து பாதி இருக்கிறதா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். தீர்ந்தால் வாங்குவது என்பது சிக்கனமான பழக்கமாகத்தான் தோன்றும். வீணாகாது, இடத்தை அடைக்காது, காசு முடங்காது. ஆனால் இந்தப் பழக்கம் இருக்கிற வீட்டில் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நாலைந்து பொருளாவது தீரும் தறுவாயில் இருக்கும். மாதக் கடைசி என்றால் ஏறக்குறைய எல்லாமே. வீட்டில் உணவுப்பொருள் இருப்பு வைப்பதைப் பற்றிப் பேசினாலே பலருக்கு அறை நிறைய மூட்டைகள் அடுக்கிய காட்சிதான் கண்ணில் வருகிறது. எனக்கு அந்தக் காட்சியில் நம்பிக்கை இல்லை. மூட்டையைப் பெரிதாக்க வேண்டாம், சீட்டு எழுதும் நாளை முன்னால் தள்ளினால் போதும் என்பது என் கட்சி. டப்பா காலியானதும் வாங்குவதை விட்டுவிட்டு, பாதியானதும் வாங்குவது. இந்தச் சின்ன மாற்றத்தின் மேல் ஏன் இவ்வளவு பாரம் ஏற்றுகிறேன் என்பதைத்தான் இந்த நீளமான பதிவில் சொல்லப்போகிறேன்.

முதலில், எத்தனை நாளைக்கு இருப்பு வேண்டும் என்ற கேள்வி. இதற்கு விடை நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது, அதுவும் சமீபத்திய வரலாற்றில். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டியது, அடையாறு கரை மீறியது, சென்னையின் தென்பகுதியில் பல தெருக்களுக்கு நாலைந்து நாள் மின்சாரம் இல்லை, பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்ற கதையை ஊரே பேசியது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிய கஜா புயல், டெல்டா கிராமங்கள் பலவற்றை வாரக்கணக்கில் இருட்டில் வைத்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் மறுபடி அதே படகுகள், அதே பால் தட்டுப்பாடு. அது வடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் நடுவெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துக் கிராமத்து மக்கள். தங்கள் வீடுகளில் இருந்த அரிசியையும் பருப்பையும் வைத்துத்தான் போட்டார்கள். கடைக்குப் போய் வாங்கிவந்து சமைக்க அன்றைக்கு அங்கே வழியில்லை. இந்தச் செய்தியைப் பலரும் மனிதநேயத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்தார்கள், சரிதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. கொடுக்கிற மனசு இருந்தாலும், கொடுப்பதற்கு வீட்டில் அரிசி இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு அளவு கிடைக்கிறது. கடையும் மின்சாரமும் சேர்ந்து இல்லாமல் போகிற காலம் நம் ஊரில் பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை. அதைவிட நீளமான தொல்லைகள் வேறு வகை: விலை ஏறுவது, வேலை போவது, நோயில் படுப்பது, ஊரடங்கு. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கலாம். இந்த இரண்டாம் வகைத் தொல்லையில் கடை திறந்திருக்கும். நம் கைதான் மூடியிருக்கும். முதல் வகைக்குப் பத்து நாள் சாப்பாடு, இரண்டாம் வகைக்குச் சுமார் ஒரு மாத மளிகை. இவ்வளவுதான் இலக்கு. ஓராண்டுக்குச் சேர்த்துவைப்பது என்ற பேச்சு நம் வீடுகளுக்குப் பொருந்தாது என்று நான் நினைக்கக் காரணம் இருக்கிறது.

"அந்தக் காலத்தில் வருஷத்துக்கே நெல் வைத்திருந்தார்களே" என்று உடனே யாராவது கேட்பார்கள். வைத்திருந்தார்கள். குதிர், பத்தாயம், குலுக்கை, தொம்பை என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரோடு, மண்ணாலும் மரத்தாலும் செய்த கலங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் ஓராண்டுக்கு வைத்ததற்குக் காரணம் முன்ஜாக்கிரதை மட்டும் இல்லை. நெல் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறைதான் களத்துக்கு வந்தது. வருமானமே அதுதான். வருமானம் எந்த இடைவெளியில் வருகிறதோ, அந்த இடைவெளிக்குத்தான் இருப்பு. இன்னொன்று, அவர்கள் வைத்தது நெல்லாக. உமி என்பது இயற்கையே போட்டுக் கொடுத்த உறை. வண்டுக்கு அதை ஓட்டை போடுவது பெரும்பாடு. தேவைப்படும்போது தேவையான அளவு அவித்துக் குத்திக்கொண்டார்கள். நாம் வாங்குவது தீட்டிய அரிசி, உடைத்த பருப்பு, அரைத்த மாவு. உறை கழற்றிய பொருளை உறையோடு இருந்த பொருளின் கணக்கில் வைக்க முடியாது. நம்மில் பெரும்பாலோருக்கு வருமானம் மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே நம் குதிரின் அளவும் மாதக் கணக்கில்தான் இருக்க முடியும். முன்னோர் செய்ததை அப்படியே செய்வதைவிட, அவர்கள் எந்தக் கணக்கில் செய்தார்களோ அந்தக் கணக்கைப் போடுவது மேல்.

இதற்கு விதிவிலக்கு உண்டு, புளியும் மிளகாயும். இவை இரண்டும் மாசி தொடங்கிச் சித்திரை வரை புதிதாகச் சந்தைக்கு வரும் சரக்குகள். அந்த நேரத்தில்தான் நம் ஊர் வெயில் காய்ந்த வெயிலாகவும் இருக்கும். புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, வெயில் காட்டி, உப்புச் சேர்த்து ஜாடியில் அடைத்தால் ஓராண்டு தாராளமாக நிற்கும். பழம்புளிக்கு என்றே தனி மவுசு உண்டு. ராமநாதபுரம் குண்டு மிளகாயாக இருந்தாலும் சரி, சம்பாவாக இருந்தாலும் சரி, அந்தப் பருவத்தில் வாங்கிக் காயவைத்தால் வடகிழக்குப் பருவமழையைத் தாங்கும். வத்தல், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் இதே நாட்காட்டியில் வருபவை. அறுவடையும் வெயிலும் ஒரே நேரத்தில் அமைகிற பொருள்களுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கு; மற்றவற்றுக்கு மாதக் கணக்கு. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி, ஏன் அரை டப்பா என்று சொல்கிறேன் என்பது. இதில் பணமும் இடமும் இரண்டாம்பட்சம். வண்டுதான் முதல் காரணம். அரிசியில் வருகிற கூன்வண்டு எங்கிருந்தோ பறந்து வந்து டப்பாவுக்குள் குதிப்பதில்லை, பெரும்பாலும் கடையிலிருந்தே நம்மோடு வருகிறது. பெண் வண்டு அரிசியில் ஒரு சிறு துளை போட்டு, உள்ளே முட்டையை வைத்து, மேலே பூசி மூடிவிடும். வெளியே பார்த்தால் நல்ல அரிசி. உள்ளேயே புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவர நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு வண்டு தன் ஆயுளில் முந்நூறு முட்டை வரை வைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் ஒன்றிரண்டு தெரியும். இரண்டாம் மாதம் முறத்தில் புடைத்துத் தள்ளுகிற அளவு. மூன்றாம் மாதம் மூட்டையைத் தூக்கி வெளியே வைக்கவேண்டியதுதான். அரிசி கெடுவதற்கான கடிகாரம் மாதத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. நாமும் மாதத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், அதாவது இந்த மாதம் வாங்கியதை அடுத்த மாதம் சாப்பிட்டுத் தீர்த்தால், மூன்றாம் தலைமுறை வண்டுக்கு நம் வீட்டில் பிறக்கவே இடமிருக்காது. மருந்து வேண்டாம், மந்திரம் வேண்டாம். மொத்தமாக வாங்கி மூலையில் வைத்து மறந்துவிடுகிறவர்களின் சேமிப்பு தோற்பது இங்கேதான். தோற்றபிறகு "சேர்த்து வைத்தாலே வண்டு வந்துவிடும்" என்று சேர்த்து வைப்பதன் மேலேயே பழி போடுகிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் செய்கிற ஒரே பெரிய தவறு, பழைய அரிசியின் மேலேயே புதிய அரிசியைக் கொட்டுவது. மேலேயிருந்து அள்ளுகிறோம், மேலேயே கொட்டுகிறோம், அடியில் இருக்கும் நான்கு படி எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. வண்டுக்கு அது சொந்த ஊர் மாதிரி, அங்கிருந்து புதிய அரிசிக்குக் குடியேறும். இதற்கு மருந்து இரண்டு டிரம். ஒன்றிலிருந்து சமைப்பது, இன்னொன்று மூடியபடி இருப்பது. முதலாவது தீர்ந்ததும் கழுவி, நன்றாகக் காயவைத்து, புதிய அரிசியை அதில் போட்டு மூடிவிட்டு, இரண்டாவதைத் திறப்பது. பருப்புக்கும் இதே வழி, சின்ன டப்பாக்களில். பருப்பு, பயறு வகைகளில் ஒரு நுணுக்கம் உண்டு: பயறு வண்டு முட்டையிடுவது முழுப் பயறின் தோல்மேல். ஆகவே முழுப் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு இவைதான் சீக்கிரம் ஓட்டையாகும். உடைத்த பருப்பு கொஞ்சம் தாங்கும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கிற வழக்கமும், பருப்பில் விளக்கெண்ணெய் பிசிறுகிற வழக்கமும் வெறும் நம்பிக்கையில் பிறந்தவை இல்லை. நுண்ணிய மண் பூச்சியின் மேல்தோலிலிருக்கும் மெழுகைத் தேய்த்து அதை வற்றச் செய்கிறது. எண்ணெய்ப் பூச்சு முட்டையை மூச்சடைக்கச் செய்கிறது. வேப்பிலையும் வசம்பும் கொஞ்சம் விரட்டும், ஆனால் வேப்பிலை சருகாக இருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் பூச்சிக்கு வேண்டிய ஈரத்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப்பொறி ஒன்றும் இருக்கிறது. பக்கமெல்லாம் துளையிட்ட குழாய், அரிசிக்குள் செருகி வைத்தால் காற்றைத் தேடி அலையும் வண்டு துளைவழியே நுழைந்து அடியிலுள்ள கூம்புக்குள் விழுந்துவிடும். எவ்வளவு எளிமை!

செய்யக்கூடாதவை இரண்டையும் சொல்லிவிட வேண்டும். கிடங்குகளில் புகைமூட்டம் போடப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு மூட்டைக்குள் வைப்பது தற்கொலைக்குச் சமம். அதிலிருந்து வரும் வாயு மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொன்றிருக்கிறது. போரிக் பவுடரை அரிசியில் கலப்பது பல வீடுகளில் சர்வசாதாரணம். களைந்தால் போய்விடும் என்பார்கள். வண்டைக் கொல்வதற்கென்று போட்ட ஒன்று முழுக்கப் போய்விட்டது என்று களைந்த தண்ணீரைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? பூசணம் பிடித்த வேர்க்கடலையும் மிளகாயும் இன்னொரு வகை ஆபத்து. அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் போகாது, நம் அடுப்புச் சூட்டிலும் அழியாது. பூசணத்தைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது சிக்கனத்தில் சேராது. வெயிலில் காயவைத்த எதையும் சூடு ஆறாமல் மூடக்கூடாது என்பதும் இதோடு சேர்த்தி. மூடியின் உட்புறம் வேர்த்து, அந்தத் துளி உள்ளேயே விழும்.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருவோம். முதலாவது, இன்றைக்குப் பத்து நிமிடத்தில் பருப்பு வாசலுக்கு வருகிறது, பிறகு எதற்கு வீட்டைக் கிடங்கு ஆக்குவது? நியாயமான கேள்விதான். ஆனால் இருப்பு வைக்கும் தேவை ஒழிந்துவிடவில்லை. அது வீட்டிலிருந்து அண்ணாச்சி கடைக்கும், அங்கிருந்து எங்கோ இருக்கிற கிடங்குக்கும், கிடங்கிலிருந்து லாரிக்கும் இடம் மாறியிருக்கிறது. பத்து நிமிடத்தில் வரவேண்டுமென்றால் கிடங்கு நம் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும். நம் தெருவில் தண்ணீர் நின்றால் அங்கேயும் நிற்கும். பொருள் இருந்தாலும் கொண்டுவருகிற பையன் முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டிக்கொண்டு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நாகரிகமாகப் படவில்லை. செல்போன் கோபுரத்தில் டீசல் தீர்ந்தால் செயலியும் இல்லை, யுபிஐயும் இல்லை. (இருப்பு என்பதில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கொஞ்சமும் சேர்த்தி என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.) நல்ல நாளில் அந்தச் சேவையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாதி டப்பா இருக்கும்போதே பயன்படுத்துங்கள் என்பதுதான் நான் சொல்வது.

இரண்டாவது, இடம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் எங்கே வைப்பது என்கிறார்கள். அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம். ஒரு 26 கிலோ அரிசி மூட்டைக்கு 30 லிட்டருக்குச் சற்று மேல் இடம் போதும். (25 கிலோ மூட்டை எப்போது 26 ஆனது என்று யோசித்ததுண்டா? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. மறுவாரமே மூட்டைக்கு ஒரு கிலோ கொழுப்பு கூடிவிட்டது.) நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு அது ஏறக்குறைய போதுமான அளவு. பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, ரவை எல்லாம் சேர்த்து இன்னொரு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50 லிட்டர் சொச்சம். ஆறடிக்கு நாலடிக் கட்டிலின் கீழே ஓரடி உயர இடம் என்பது சுமார் 680 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை நாம் கேட்பது. அங்கே இப்போது இருப்பவை எவை என்று குனிந்து பார்த்தால், ஓடாத மிக்சியின் அட்டைப்பெட்டி நிச்சயம் இருக்கும்.

மூன்றாவது, பணம். ஒரே மாதத்தில் இரண்டு மாத மளிகை வாங்க யாராலும் முடியாது, வாங்கவும் வேண்டாம். மாத மளிகைச் செலவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கூடுதலாகப் போடுங்கள். 5,000 ரூபாய் ஆகிற வீட்டில் 500. தை மாதம் தொடங்கினால் ஐப்பசியோடு பத்து மாதம். மழைக்காலம் வாசலுக்கு வரும்போது முழுதாக ஒரு மாத இருப்பு உள்ளே இருக்கும். அதன்பிறகு கூடுதல் செலவு கிடையாது, வழக்கம்போல மாதம் ஒருமுறை வாங்குவதுதான், ஒரு மாதம் முன்னால் ஓடிக்கொண்டு. அந்தப் பத்தில் ஒன்றை எதில் போடுவது என்பதை அந்தந்த மாத விலை சொல்லும். புதுத் துவரை வரத்து இருக்கும்போது பருப்பு, புளிக் காலத்தில் புளி. விலை ஏறும்போது இருப்பிலிருந்து சாப்பிட்டு, இறங்கியதும் நிரப்பிக்கொள்ளலாம் என்ற சுதந்திரமும் கிடைக்கிறது. தீர்ந்தபின் வாங்குகிறவருக்கு அது கிடையாது, அன்றைய விலைதான் அவருக்கு. 2022இல் இலங்கையில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியபோது, பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற குடும்பங்களுக்குக் கையில் இருந்த காசு வாராவாரம் இளைத்தது. முன்பே வாங்கி ஜாடியில் போட்ட பருப்பு இளைக்கவில்லை.

ஆனால் இந்த யோசனையின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய கூலியில் அன்றைய எண்ணெயைச் சின்னப் பாக்கெட்டில் வாங்குகிற குடும்பத்திடம் பத்தில் ஒன்று சேர்த்துவை என்பது கேலி. சின்னப் பாக்கெட்டில் வாங்குவதால் கிலோவுக்கு அதிக விலை கொடுப்பதும் அவர்கள்தான். அரிசி அட்டைக்கு மாதாமாதம் விலையில்லா அரிசியும், 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும், 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கிற ரேஷன் கடைதான் அவர்களின் குதிர். அது ஊருக்குப் பொதுவான குதிர். அதைக் குறைசொல்லாமல் காப்பாற்றுவது இருப்பு வைக்க வசதியுள்ளவர்களின் வேலையும்கூட. ஆயினும் வெள்ளத்தின் முதல் நாளில் ரேஷன் கடைக்குள்ளும் தண்ணீர்தான். மிக்ஜாமுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் மக்கள் கைக்கு வரத் தொடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. அந்த இடைவெளியை நிரப்ப முடிந்த வீடுகள் நிரப்பிக்கொண்டால், நிவாரணப் படகு முடியாதவர்களின் வீட்டுக்கு முதலில் போகும்.

இதோடு ஒட்டியதுதான் நான்காவது ஆட்சேபம், இது பதுக்கல் இல்லையா என்பது. பதுக்கல் என்ற சொல்லின் எடையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் சும்மா வரவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்தபோது, சில்லறைக் கடைக்காரருக்கே 5 டன் வரை அனுமதி இருந்தது. வீட்டில் நாம் வைக்கிற மூன்று கிலோ எங்கே, அது எங்கே. அதைவிட முக்கியம், எப்போது வாங்குகிறோம் என்பது. 2020 ஏப்ரலில் சென்னை, மதுரை, கோவையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி காய்கறிக் கடைகளில் கூடிய கூட்டத்தை மறந்திருக்க மாட்டோம். நோய்க்குப் பயந்து போட்ட ஊரடங்கு, நோய் பரவுவதற்குத் தோதான கூட்டத்தைக் கூட்டியது. நாலு நாள் சமாளிக்க வீட்டில் எதுவும் இல்லாதவர்கள் மட்டுமா அங்கே நின்றார்கள்? இருப்பு எவ்வளவு என்று தெரியாதவர்களும் நின்றார்கள். சாதாரண நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியவர் அபாய நாளில் வரிசையில் நிற்கமாட்டார். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் உண்மையாகவே தேவைப்படுகிற ஒருவர் நிற்பார். புயல் எச்சரிக்கை வந்தபிறகு கார் டிக்கி நிறைய அள்ளுவதுதான் பதுக்கலின் தம்பி.

ஐந்தாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றிலும் கனமானது அதுதான் என்பது என் எண்ணம்: இந்த வேலையை யார் செய்வது? பழைய சேமிப்பு முறையைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் மொட்டைமாடி வெயிலைப் பற்றி எழுதுவதில்லை. புளி ஆய்ந்ததும், மிளகாய்க் காம்பு கிள்ளிக் கையெரிந்ததும், உச்சிவெயிலில் வடகத்துக்குக் காக்காய் விரட்டியதும் பெண்கள். சம்பளமில்லாத அந்த உழைப்பின்மேல்தான் "பாட்டி காலத்துச் சேமிப்பு" நின்றது. இன்றைக்கு வேலைக்கும் போய் வந்து இதையும் செய் என்றால் அது சேமிப்பு இல்லை, சுமை. அதனாலேயே நான் சொல்கிற முறையில் காயவைப்பதும் ஆய்வதும் கட்டாயமில்லை. இரண்டு டிரம், மூடியில் மாதத்தின் பெயர், பாதியானதும் சீட்டு. வடகம் போடப் பிடித்தவர்கள் போடட்டும். டிரம்மைக் கழுவிக் கவிழ்ப்பதும், மூட்டையைத் தூக்கிக் கொட்டுவதும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதும் வீட்டு ஆண்களுக்கும் தெரிந்த வேலையாக இருந்தால், "பருப்பு எங்கே இருக்கு" என்ற கேள்வி வெள்ள நாளிலாவது கேட்காமல் போகும்.

அரிசி பருப்பு இருந்தால் மட்டும் பத்து நாள் ஓடிவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லாத வீட்டில் மிக்சி இல்லை, கிரைண்டர் இல்லை, இண்டக்‌ஷன் அடுப்பு இல்லை, மோட்டார் இல்லை. ஐந்து கிலோ உளுந்து இருந்தும் ஒரு இட்லி வராது. முழு மிளகாய் இருந்தும் பொடி வராது. அம்மி எத்தனை வீட்டில் இருக்கிறது? ஆகவே பத்து நாள் இருப்பு என்பது மாத இருப்பிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. அரைத்த மிளகாய்த்தூள், பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஊறவைத்தாலே ஆகிற அவல், அடுப்பே வேண்டாத பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சை, கொதி தண்ணீரில் ஆகிற சத்துமாவு, ரவை, சேமியா, பால்பவுடர். காய்களில் பூசணி, சேனை, கருணை, சின்ன வெங்காயம் ஆகியவை ஃபிரிட்ஜ் இல்லாமலே நாள்கணக்கில், சில வாரக்கணக்கில் கிடக்கும். ஃபிரிட்ஜை இருப்பு என்று எண்ணுவது பெரிய ஏமாற்றம். கரண்ட் போனபிறகு திறக்காமல் வைத்தாலும் நான்கு மணி நேரக் குளிர்தான் அதன் கணக்கு. மாவு மறுநாளே பொங்கி வழியும். இவை எதுவும் புயலுக்கென்று தனியாக வாங்கவேண்டிய பண்டங்கள் இல்லை, மாலைப் பசிக்கு நாம் தின்பவைதான். வழக்கமாகத் தின்னாத ஒன்றை ஆபத்துக்கென்று வாங்கி வைத்தால் அது ஆபத்து வரும்வரை கிடந்து காலாவதியாகும். கைக்குழந்தையின் பால்மாவும், பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரையும் எல்லாவற்றுக்கும் முன்னால் அரை டப்பா விதிக்குள் வரவேண்டியவை.

தண்ணீர் இவை எல்லாவற்றையும் முந்தியது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு ஐந்து நாளுக்கு 80 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. கேன் போடுகிற வீடுகளில் காலிக் கேன் இரண்டு கிடந்தால் அவற்றை நிரம்பிய கேன்களாக மாற்றிச் சுழற்சியில் விடுவதுதான் வேலை. எச்சரிக்கை வந்ததும் மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும், மின்சாரம் இருக்கும்போதே. கேஸும் இதே கணக்கு. இரண்டாவது சிலிண்டர் உள்ளவர்கள் முதலாவது தீர்ந்த அன்றே பதிவு செய்யாமல், இரண்டாவது தீரும் நேரத்தில் பதிவு செய்வதைப் பார்க்கலாம். அப்படியானால் இரண்டு சிலிண்டர் இருந்தும் என்ன பயன்? அது மளிகைச் சீட்டுப் பழக்கத்தின் இரும்பு வடிவம்.

கடைசியாக ஒரு வலுவான மறுப்பு மிஞ்சியிருக்கிறது: வெள்ளம் வந்தால் இருப்பும் சேர்ந்துதானே மூழ்கும்? உண்மை. தரைத்தள வீடுகளில் 2015இல் அரிசி மூட்டைகள் சோறாகவே மாறிவிடும் போல் ஊறிக்கிடந்தன. வெள்ளநீர் பட்ட உணவை, பாக்கெட் பிரிக்காமல் இருந்தாலும்கூட, தூக்கிப்போடத்தான் வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீர் அது. தகரத்தில் அடைத்தவை மட்டும் கழுவிக் கிருமிநீக்கம் செய்தால் தேறும். பழைய வீடுகளில் பரண் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நம் வீட்டு லாஃப்ட் அந்தப் பரண்தான், ஆனால் கான்கிரீட் கூரைக்கு அடியில் சித்திரை வைகாசியில் அது அடுப்பு மாதிரி கொதிக்கும். எண்ணெயும் வேர்க்கடலையும் கைக்குத்தல் அரிசியும் அந்தச் சூட்டில் சிக்கு வாடை அடித்துவிடும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் கைக்குத்தல் அரிசிக்கு எங்கே வைத்தாலும் ஆயுள் குறைவு. தீட்டிய அரிசி, உப்பு, சர்க்கரை சூட்டைப் பொறுக்கும், அவை மேலே போகலாம். மற்றவை கீழே குளிர்ந்த இருட்டு மூலையில் இருந்துவிட்டு, புரட்டாசி கடைசியில் மேலே ஏறட்டும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மாடிவீட்டுக்காரரிடம் இப்போதே ஒரு டிரம்முக்கு இடம் கேட்டுவைக்கலாம். கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்பதைவிடச் சங்கடம் குறைவு.

இந்த மாதச் சீட்டை எழுதும்போது கூடுதலாக எழுதவேண்டியவை மூன்றுதான். வழக்கமாக வாங்குவதற்கு மேல் ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு கிலோ அவல், ஒரு மார்க்கர் பேனா. மூடியில் மாதத்தை எழுதாவிட்டால் எது பழையது என்பதில் அடுத்த மாதமே சண்டை வரும்.